தகரச் சுரங்கத்து வழக்காளி

2023ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. வெளியே காய்ந்த குளிர். வெயில் இருந்தது, சூடு இல்லை. வரும் வழியில் நின்ற கார்களின் கண்ணாடிகளில் உறைபனி இன்னும் இளகியிருக்கவில்லை. மத்திய லண்டனில் பழைய வழக்குப் புத்தகங்களை வைத்திருக்கும் ஒரு வாசிகசாலையின் இரண்டாம் மாடி. பதினெட்டுக் கதிரைகள் போட்ட நீள மேசையில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை அந்தப் பக்கத்தின் மேல் மூன்றாவது தடவையாக நகர்த்தினார். பிறகு புத்தகத்தை மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், இண்டைக்குக் காணும். போவம்" என்று என்னிடம் சொன்னார்.

அது எங்களுடைய பதினோராவது செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய பத்திலும் அவர் மூன்று மணிக்கு முன் கதிரையை விட்டு எழும்பியதில்லை.

பக்கத்தில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவரைச் சொல்ல வேண்டும். அவர் இப்போது இல்லை. அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் இருந்ததெல்லாம் உண்மைதான். ஆனால் இது அதில் இல்லை. அவருடைய ஒரே மகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் ஆட்கள் அவரை வழக்காளி என்றே சொன்னார்கள். முகத்துக்கு முன்னாலும் சொன்னார்கள், அவருக்கு அது பிடித்திருந்தது. எங்கள் ஊர்க் கோட்டுப் பேச்சில், அதாவது நீதிமன்றப் பேச்சில், வழக்குப் போட்டவர் வழக்காளி. யார்மேல் போட்டாரோ அவர் எதிராளி. அவர் எதிராளி என்று கூப்பிட்டது தன் மனைவியை.

"எதிராளி! ஆக்கள் வந்திருக்கினம். தேத்தண்ணி!"

"ஓம், வாறன்."

இதை நான் முதன்முதல் கேட்டபோது சிரித்தேன். கேட்ட எல்லோரும் சிரித்தார்கள். புதிதாகக் கல்யாணம் முடித்த இளம் சோடிகள் அதை அன்பு என்று நினைத்தார்கள். அவருடைய மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். தங்கச்சி தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது சிரிப்பாள். மேற்பல் நான்கு தெரியும் அளவுக்கு, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு.

அவர் வீட்டிலும் கழுத்துப் பட்டி கட்டியிருப்பார். எழுபத்தொன்றில் சட்டம் படிக்க வந்தவர். கடைசிச் சோதனையை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் தவறவிட்டார். பிறகு இருபத்தொன்பது வருடம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொண்டார். கோட்டில் ஒரு நாளும் எழுந்து நிற்காதவர், மிச்சம் எல்லா இடத்திலும் எழுந்து நின்றார். எங்கள் கத்தோலிக்கக் கோவில் சுவாமியார் பூசை முடிந்து வாசலில் நின்றால் அவரையும் மறித்து, "பிரசங்கத்திலை சொன்னியள், எல்லாரும் சமம் எண்டு. பன்றிக்கும் ஆளுக்கும் வித்தியாசம் இல்லையோ? ஓமோ இல்லையோ, ரெண்டிலை ஒண்டு" என்பார். 'ஓமோ இல்லையோ, ரெண்டிலை ஒண்டு.' ஒரு கிழமைக்குக் குறைந்தது இருபது தரம் அதைச் சொல்லுவார். பதில் சொல்லத் தடுமாறுகிறவனைக் கண்டால் அவருக்கு முகம் மலரும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். எண்பத்தைந்தில் என் தம்பி அகதியாக வந்து இறங்கியபோது, அவனைத் திருப்பி அனுப்ப விமானச் சீட்டுப் போட்டுவிட்டார்கள். இவர் ஒரே இருப்பில் பதினான்கு பக்கத்தில் மனு எழுதினார். அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் ஐந்து மணித்தியாலம் குடிவரவு அலுவலகத்து மர வாங்கில் என்னோடு உட்கார்ந்து காத்திருந்தார். தம்பி இன்று எட்மண்டனில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறான். அதற்காக அவர் என்னிடம் எதுவும் வாங்கவில்லை. அதனால்தான் முப்பத்தெட்டு வருடம் அவருடைய பகிடிகளுக்கு நான் சிரித்தேன்.

இனி வழக்கு. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் ஆட்கள் மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனார்கள். அவருடைய பாட்டனார் பேராக் பகுதியில் றெயில்வேயில் தலைமைக் கிளாக்கர். தங்கச்சியின் பாட்டனார் அதே இடத்தில் ஓவசியர். கிளாக்கர் கட்டியது ஓவசியரின் சகோதரியை, ஆகவே இருவரும் மச்சான்மார். ஓவசியர் வேலையை விட்டுவிட்டு ஒரு சீன முதலாளியோடு கூட்டுச் சேர்ந்து தகரம் தோண்டக் காணி எடுத்தார். கிளாக்கரும் தன் சேமிப்பைக் கொடுத்தார். பள்ளம் ஆழமாக ஆழமாகத் தண்ணீர் வந்தது. ஒரு வெள்ளைக்காரக் கம்பனி தண்ணீர் இறைக்க இயந்திரம் போடும், எடுக்கிற தகரத்தில் பாதி கூட்டாளிகளுக்குச் சேரும் என்று ஒப்பந்தம் எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். தகரம் அள்ள அள்ள வரத் தொடங்கியதும், அப்படியொரு ஒப்பந்தமே இல்லை என்றது கம்பனி. ஓவசியர் வழக்குப் போட்டார். கையெழுத்து வைத்த பத்திரத்தைக் காணவில்லை. மூன்று கோட்டு ஏறி, கடைசியில் லண்டன் வரை வந்து, வழக்குத் தோற்றது.

இதுவரை இரண்டு வீட்டுக்கும் ஒரே கதை. பத்திரம் எங்கே போனது என்பதை மட்டும் கிளாக்கர் ஊருக்குத் திரும்பி வந்து சொன்னார். மச்சான் அதைக் கம்பனிக்குக் களவாக விற்றுவிட்டு, என் காசையும் விழுங்கிவிட்டு, ஊரை ஏய்க்க வழக்காடினான் என்றார். ஓவசியர் திரும்பி வரவேயில்லை. எங்கேயோ ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து அங்கேயே செத்தார். வந்தவர் சொன்னது கதையாயிற்று. வராதவரின் வீட்டில் கதை இல்லை, வெட்கம் மட்டும் இருந்தது.

ஓவசியரின் மனைவிக்கு மூன்று பெண்பிள்ளைகள். கள்ளன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? பெரியவர்கள் கூடி ஒரு வழி கண்டார்கள். ஓவசியர் வீட்டுப் பெண் கிளாக்கர் வீட்டுக்கு மருமகளாகப் போவாள். போகும்போது வழமையான சீதனத்துக்கு மேல் இன்னொரு பங்கு கொண்டுபோவாள். அந்த மேலதிகப் பங்குக்குத் தகரக் காசு என்று பெயர். முதல் இவருடைய பெரியப்பாவுக்கு ஒருத்தி வந்தாள். அடுத்த தலைமுறையில், எழுபத்து மூன்றில், ஆயரிடம் அனுமதி வாங்கி இவருக்குத் தங்கச்சியைக் கட்டிவைத்தார்கள். சீதன வீட்டுக்கு மேலே பத்துப் பரப்பு வயலும் பதினெட்டுப் பவுண் நகையும் தகரக் காசாக வந்தன. அது காணாதென்று, தங்கச்சி இங்கே ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இருபத்து நான்கு வருடம் உழைத்த சம்பளத்தையும் அவர் தகரக் காசு என்றுதான் சொல்லி வாங்கினார்.

ஒருமுறை கோவில் திருநாளுக்குத் தங்கச்சி இருநூறு ரோல்ஸ் செய்து கொண்டுவந்தாள். மண்டபத்தில் சனம் வரிசையில் நின்றது. அவர் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எண்ணிப் பாத்து எடுங்கோ. எதிராளியின்ர ஆக்கள் பங்கு குறைக்கிறதிலை கெட்டிக்காரர்" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. தங்கச்சி கையிலிருந்த இடுக்கியை வைத்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோல் லேஞ்சியால் முகம் முழுவதையும் மூடினாள். நான் என் இரண்டு ரோல்ஸையும் எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

இன்னொரு தரம், மகளின் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியாரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர் மரியாதைக்கு, "சம்பந்தியம்மா எந்தப் பகுதி?" என்று கேட்டார். "அவ தகரம் திண்ட பகுதி" என்றார் இவர். அன்று தங்கச்சி மணவறைக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. சமையற்கட்டில் போய் நின்று, சம்பளத்துக்கு வந்த ஆட்களோடு சேர்ந்து கோப்பை கழுவினாள். மகள் தேடி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மலாயாக் கோட்டுப் பதிவுகள் எல்லாம் போரில் எரிந்துவிட்டன என்று அவர் நாற்பது வருடமாக நம்பியிருந்தார். லண்டன் வரை மேன்முறையீட்டுக்கு வந்த வழக்குகளை முழுதாக அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்று 2022இல் யாரோ சொன்னார்கள். அன்று பின்னேரமே எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மாஸ்டர், என்ர கண் ரெண்டும் போச்சுது. நீர் வந்து வாசியும், நான் கண்ணாடி பிடிச்சுப் பாக்கிறன். அடுத்த வருஷம் ஜூன் பதினேழு எங்கட ஐம்பதாம் வருஷக் கொண்டாட்டம். கோவில் மண்டபம் எடுத்திட்டன். இருநூற்றைம்பது பேர். கேக் வெட்ட முன்னம் தீர்ப்பை வாசிக்கப்போறன்."

"பகிடி விடாதையுங்கோ" என்றேன்.

"பகிடியோ? ஐம்பது வருஷமா நான் வாயாலை சொன்னதை அச்சிலை காட்டப்போறன்."

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். பதினான்கு பக்கமும் மர வாங்கும் ஞாபகம் வந்தன. சரி என்றேன்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போக வீட்டு வாசலில் நின்றேன். அவர் மேலே சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்தார். தங்கச்சி கதவை அரைவாசி சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். குளிருக்கு மேற்சட்டை கூடப் போடவில்லை.

"அண்ணை, ஒண்டு கேப்பன்."

"சொல்லும் தங்கச்சி."

"எங்கட பாட்டனார் களவெடுத்தது உண்மையாத்தான் இருக்கும். நான் மறுக்கேல்லை. இவர் சொன்னது எல்லாத்தையும் பொறுத்திட்டன். அந்த மண்டபத்திலை மட்டும் வாசிக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பேரப்பிள்ளையள் முன்வரிசையிலை இருக்குங்கள். பெரியவனுக்கு இப்பத்தான் பதினொரு வயசு. என்னை அம்மம்மா எண்டு கட்டிப்பிடிக்கிறவன்."

"சொல்லிப் பாக்கிறன்" என்றேன்.

ரயிலில் சொல்லிப் பார்த்தேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "எதிராளி உம்மை வக்கீலா வைச்சிட்டாளோ?" என்றார். அவ்வளவுதான்.

புத்தகம் நானூற்று முப்பத்தெட்டுப் பக்கம். ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் வாசித்தோம். ஒன்பதாவது செவ்வாய்க்கிழமை கிளாக்கரின் சாட்சியம் வந்தது. சத்தியம் செய்துவிட்டு, அப்படியொரு பத்திரத்தைத் தான் கண்ணாலும் கண்டதில்லை என்று சொல்லியிருந்தார். ஓவசியர் தரப்பில் சாட்சிக்கு அழைக்கப்பட்டவரே அவர்தான். பத்திரத்தைத் தான் பார்த்ததாக அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் அழைத்திருக்கிறார்கள். எனக்கு அங்கேயே சந்தேகம் வந்தது. இவர் என் முழங்கையில் இடித்து, "பாத்தீரே, மச்சானுக்கே காட்டாமல் ஒளிச்சிருக்கிறான்" என்று முணுமுணுத்தார்.

பதினோராவது செவ்வாய்க்கிழமை பின்னிணைப்புக்கு வந்தோம். ஓவசியர் மேற்கோட்டுக்குக் கொடுத்த மனு அது. அதோடு இரண்டு தாள்கள் சேர்த்திருந்தார். ஒன்று, கிளாக்கர் கம்பனி மனேச்சருக்குத் தன் கைப்பட எழுதிய கடிதம். பத்திரம் தன்னுடைய அலுவலக இரும்புப் பெட்டியில் இருக்கிறது, மச்சான் நம்பித் தந்து வைத்தது, எண்ணாயிரம் மலாயா வெள்ளிப் பணம் தந்தால் கைமாறும் என்று அதில் இருந்தது. மற்றது கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம். கிளாக்கர் சத்தியம் செய்து சாட்சி சொன்ன நாளுக்கு நாலு நாள் முன்பு எண்ணாயிரம் வெள்ளி அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. நீதிபதிகள் அதைப் பார்த்திருக்கிறார்கள். முதற்கோட்டில் காட்டியிருக்க வேண்டிய ஆதாரம், இப்போது ஏற்க முடியாது என்று தள்ளிவிட்டார்கள். வருந்துகிறோம் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

நான் வாசித்து முடித்து ஒரு நிமிடம் கழித்துத்தான் அவர் வாசித்து முடித்தார். அந்த ஒரு நிமிடம் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது.

ரயிலில் ஏறி இருந்தோம். இரண்டு நிறுத்தம் கழிந்தது. நான்தான் கேட்டேன்.

"தங்கச்சிக்குச் சொல்லுவியளோ? ஓமோ இல்லையோ?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய வசனத்தை அவரிடமே திருப்பிச் சொன்னது நான்தான் முதல் ஆளாக இருக்கும்.

"மாஸ்டர், எங்கட ஊர்க் கல்வீடு அந்தக் காசிலை கட்டினது" என்றார்.

"அது எனக்கு விளங்கினது. நான் கேட்டது வேறை."

ஸ்ட்ராட்ஃபோர்டில் சனம் ஏறி இறங்கியது. கதவு சாத்தியபின் சொன்னார்: "தவக்காலம் வருகுது. பெரிய வெள்ளிக்கு முன்னம் சொல்லுறன். நான்தான் சொல்லவேணும். நீர் வாய் திறக்கிறேல்லை. வாக்குத் தாரும்."

வாக்குக் கொடுத்தேன். பெரிய வெள்ளிக்கு அன்று ஐம்பத்தொன்பது நாள் இருந்தது. புருஷன் பெண்சாதிக்கு நடுவில் மூன்றாம் ஆள் போய் நிற்பது அழகில்லை என்று நினைத்தேன். மனிதன் தானாக மண்டியிட ஒரு தவக்காலம் கொடுக்கலாம் என்றும் நினைத்தேன். இரண்டும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாட்டுகள்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் தங்கச்சி என்னை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னாள். முகம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. சொல்லிவிட்டார் என்று நினைத்தேன்.

நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், முருங்கைக்காய், சொதி. மேசையில் இடம் இல்லை. தங்கச்சி நின்றுகொண்டே சொன்னாள்.

"அண்ணை, இவர் மனம் இரங்கிட்டார். மண்டபத்திலை வாசிக்கமாட்டாராம்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் நண்டுக் காலைக் கடித்து உடைத்துக்கொண்டிருந்தார்.

"தீர்ப்புக் கையிலை கிடைச்சிட்டுது, மாஸ்டரும் பாத்தவர்" என்றார். "பாத்தனீர்தானே மாஸ்டர்? ஆனாலும் வேண்டாம் எண்டு விட்டிட்டன். ஐம்பது வருஷம் தண்டனை காணும். நான் கல்நெஞ்சன் இல்லை."

தங்கச்சி குனிந்து, அவருடைய எச்சிற்கை என்றும் பாராமல், அதை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கறிக் குழம்பு அவளுடைய கன்னத்தில் பட்டது.

"சரி சரி. எதிராளி, மாஸ்டருக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடு" என்றார்.

விட்டாள். நான் சாப்பிட்டேன். நண்டு மூன்று துண்டு, சோறு இரண்டு தரம்.

வாசலுக்கு வந்ததும் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தேன். "இது என்ன வேலை? உங்கட மானத்தைக் காப்பாத்த வாசியாமல் விட்டிட்டு, அதையும் தங்கச்சிக்குச் செய்த உபகாரமாக்கிறியளோ?"

"இன்னும் நாப்பத்தேழு நாள் கிடக்கு" என்றார் அவர். "எண்ணிற ஆள் நீர்தானே."

மார்ச் மாதத்தில் மூன்று ஞாயிறு தொலைபேசி எடுத்தேன். முதல் ஞாயிறு, நேரம் வரட்டும் என்றார். இரண்டாம் ஞாயிறு, அவளுக்கு மூச்சு வாங்குகிறது, இப்போது அதிர்ச்சி கொடுக்கக் கூடாது என்றார். மூன்றாம் ஞாயிறு, நான் அவருடைய குரலில் ஒரு நடுக்கத்தை எதிர்பார்த்துக் காதைக் கொடுத்தேன். பின்னால் தங்கச்சி இருமுவது கேட்டது. "எதிராளி, அந்தக் கதவைச் சாத்து, கதைக்கிறது விளங்கேல்லை" என்று அவர் கத்தினார். அன்று முடிவெடுத்தேன். வாக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வருகிற ஞாயிறு, இருபத்தாறாம் திகதி, பூசை முடிந்து நானே சொல்லிவிடுவேன். என்ன வார்த்தையில் சொல்வதென்று ஒரு தாளில் எழுதியும் வைத்தேன். ஆறு வரி.

இருபத்து நான்காம் திகதி வெள்ளிக்கிழமை தங்கச்சி குசினியில் அடுப்புக்கு முன்னால் விழுந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மகள் தன் காரில் எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நான்காம் மாடி, யன்னலோரக் கட்டில். இருதயம் முக்கால்வாசி வேலை செய்யவில்லை என்று டொக்டர் சொன்னாராம். மூக்கில் குழாய். இருபத்து நான்கு வருடம் அந்த ஆஸ்பத்திரி விரிப்புகளைத்தான் தங்கச்சி மடித்தாள். இப்போது ஒன்றின் மேல் கிடந்தாள். மகள் டொக்டரிடம் கதைக்க வெளியே போனாள். ஆறு வரி எழுதிய தாள் என் சட்டைப் பையில் இருந்தது.

"இஞ்சருங்கோ" என்றாள் தங்கச்சி. அவர் கதிரையைக் கிட்ட இழுத்தார்.

"என்ன?"

"எனக்கு இனி நாள் இல்லை. ஒண்டு கேக்கவேணும்." மூச்சு எடுக்க நிறுத்தினாள். "எங்கட ஆக்கள் உங்கட ஆக்களுக்குச் செய்தது... அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன். என்னோடை அது முடியட்டும். பிள்ளையின்ர தலையிலை வைக்காதையுங்கோ."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் சொல்லுவார்கள். சுவரில் இருந்த மணிக்கூட்டில் நொடிமுள் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தது.

அவர் கையை எடுத்து அவளுடைய தலையில் வைத்தார்.

"சரி. நான் மன்னிச்சிட்டன். இனி அதைப் பற்றி யோசியாதை. படு."

எட்டுச் சொல். தங்கச்சி தலையை என் பக்கம் திருப்பினாள். "அண்ணையும் சாட்சி" என்றாள். சிரித்தாள். எல்லாப் பல்லும் தெரிந்தது. எனக்குத் தெரிந்து முதல் தடவை. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்தபின் சட்டைப் பைக்குள் போன என் கை வெறுமனே திரும்பி வந்தது. சாட்சி சொல்ல அழைக்கப்பட்டு உண்மையைச் சொல்லாதவன் அந்தக் குடும்ப வழக்கில் நான் இரண்டாவது ஆள்.

நடைபாதையில் அவருடைய கழுத்துப் பட்டியைப் பிடிக்காத குறையாக மறித்தேன்.

"ஏன் சொல்லேல்லை? நீங்கள் மனிசனோ?"

"சொல்லி?" என்றார். குரல் நிதானமாக இருந்தது. "ஐம்பது வருஷம் சும்மா தலை குனிஞ்சன் எண்டு அவள் தெரிஞ்சுகொண்டு சாகச் சொல்லுறீரோ? இப்ப நிம்மதியாப் போறாள். அதைக் குழப்பிறதுதான் பாவம், மாஸ்டர். ஓமோ இல்லையோ?"

ஊரில் பதினொரு வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். எந்த வரியில் பிழை விட்டிருக்கிறார் என்று அந்த இடத்தில் என்னால் காட்ட முடியவில்லை. விடை பிழை என்று மட்டும் தெரிந்தது.

தங்கச்சி வியாழக்கிழமை விடியற்காலை போய்விட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வாய் திறந்து பேசவில்லை என்று மகள் சொன்னாள். அவளுடைய நினைவு மலரின் முதற் பக்கத்தில், பெயருக்குக் கீழே, 'மன்னிக்கப்பட்டவள்' என்று ஒரு சொல் போடலாமோ என்று அவர் சுவாமியாரிடம் கேட்டிருக்கிறார். சுவாமியார் அதை ஒரு பக்தியான எண்ணமென்று நினைத்து, பெயருக்கு மேலே தலைப்பிலேயே போட வேண்டும் என்றாராம். போட்டார்கள். மகள்தான் அச்சுக்குக் கொடுத்தாள். அது என்ன சொல் என்று அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போன அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் கீழே இறங்கியபோது மூன்று மணி ஆகியிருந்தது. மகள் தாயோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க விரும்பினாள். எங்களை லிஃப்ட் வரை கொண்டுவந்து விட்டு, தகப்பனின் கையில் கார் தரிப்பிடச் சீட்டைக் கொடுத்தாள். "அப்பா, கீழை மெஷினிலை இதைக் கட்டிட்டு நில்லுங்கோ, நான் வாறன்."

மெஷினுக்கு முன்னால் நின்று அவர் சீட்டைச் செருகினார். திரையில் எழுத்துகள் எரிந்தன. முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார், தூரக் கொண்டுபோய்ப் பார்த்தார். தெரியவில்லை. காற்சட்டைப் பையிலிருந்து சில்லறையை அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு மாஸ்டர்?"

நான் குனிந்து வாசித்தேன்.

"நாலு பவுண் இருபது பென்ஸ்."